கவின் தூங்காத வாரம்

செவ்வாய்க்கிழமை காலை 6.50க்கு எட்டு மாதக் கவினை முதல்முறையாக என் கையில் கொடுத்துவிட்டு அவன் தாய் யோகா ரப்பர் மலைக்குப் போனாள். 6.55க்கு அவன் அழத் தொடங்கினான். 8.40க்கும் அழுதுகொண்டிருந்தான். என் குறிப்புக் கொப்பியில் அப்படித்தான் இருக்கிறது.

கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவுக்கு நான் பொறுப்பு. இருபது வருடமாகிறது. வரவு, தூக்கம், சாப்பாடு எல்லாவற்றையும் நேரம் போட்டு எழுதுவது என் பழக்கம். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கைகளுக்கு உதவும் என்பதால் அந்த வாரத்தைச் சொல்கிறேன்.

அன்று வேறு வழியில்லாமல் யோகாவுக்கு போன் எடுத்தேன். தன் மரங்களில் பாதியை வெட்டியிருந்தபோது கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடி வந்தாள். புதன், வியாழனும் அதே கதை. பட்டையைக் கீறிப் பால் வடிப்பதைத்தான் இங்கே மரம் வெட்டுவது என்போம். வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் ஓடும். விட்ட மரத்தைப் பிறகு வெட்டிப் பிரயோசனமில்லை.

வியாழனன்று வெளிக்கள உத்தியோகத்தர் காம்பராவுக்கே வந்துவிட்டார். கோபக்காரர் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொன்னார்.

"யோகா, எனக்கும் மேல பதில் சொல்லணும். இந்த வாரம் போவட்டும். திங்கக்கெழமையும் பாதியில எறங்கி வந்தீன்னா உன் மரத்த வேற ஆளுக்குத்தான் குடுக்கணும். உனக்குப் புல்லு வெட்டுற வேலை போடுறேன்."

"ஆறு வருசமா நான் வெட்டுற மரம்ங்க ஐயா. எது எந்தப் பக்கம் ஒழுகும்னு கண்ண மூடிக்கிட்டே சொல்லுவேன். புது ஆளு பட்டையக் கொத்தி வச்சிருவாங்க."

"அத உன் மவன்கிட்ட சொல்லு."

அவர் போன பிறகு யோகா என்னைப் பார்த்தாள். எனக்குத் தலை நிமிரவில்லை.

முயற்சிகளை வரிசையாக எழுதியிருக்கிறேன். சேலைத் தொட்டில்: பலனில்லை. தாயின் பழைய சட்டையைப் பக்கத்தில் வைத்தது: சட்டையைக் கடித்துக்கொண்டே அழுதான். என் தாலாட்டு: அழுகை கூடியது. என் உதவியாளர் சுமனா அக்காவின் சிங்களத் தாலாட்டு: இரண்டு நிமிடம் ஆச்சரியமாகப் பார்த்தான், பிறகு தொடர்ந்தான்.

"அனே, லொக்கு மஹத்தயாவுக்கு இன்னைக்கும் கோவம்" என்பார் சுமனா அக்கா. அனே என்றால் ஐயோ, லொக்கு மஹத்தயா என்றால் பெரிய ஐயா. அவனுக்கு அவர் வைத்த பட்டம் அது.

நான் பயிற்சியில் படித்தவள். குழந்தை தூங்க அமைதி வேண்டும். ஆகவே 'அமைதி காக்கவும்' என்று பலகையில் என் கையாலேயே எழுதி வாசலில் மாட்டினேன். கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டேன். சமையலறையில் கரண்டி விழுந்தால்கூட முறைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் சத்துமா மூட்டை ஏற்றிய லொறி வந்தது. மூட்டையை இறக்கி முடித்தும் இன்ஜின் வாசலில் உறுமிக்கொண்டே நின்றது. உள்ளே எட்டிப் பார்த்தேன். கவின் தூங்கிக்கொண்டிருந்தான்! பதறிப்போய் வெளியே ஓடினேன்.

"ஐயோ, இன்ஜின நிப்பாட்டுங்க. நாலு நாளைக்குப் பொறவு இப்பதான் ஒரு பிள்ளை தூங்குது."

"நிப்பாட்டினா திரும்ப ஸ்டார்ட் ஆகாது டீச்சர். நீங்கதான் தள்ளணும்" என்றார் டிரைவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு லொறியை எடுத்துக்கொண்டு போனார். லொறி வளைவில் மறைந்தது. கவின் கண்ணைத் திறந்து கத்தினான். யோகா மறுபடி ஓடி வந்தாள்.

மத்தியானம் கொப்பியில் எழுதும்போதுதான் பேனா நின்றது. தூக்கம்: 9.20 முதல் 9.36 வரை. அடுத்த பக்கத்தில், லொறி வந்தது 9.18, போனது 9.36.

சனிக்கிழமை காம்பராவைச் சுமனா அக்காவிடம் விட்டுவிட்டு, மத்தியானம் யோகாவின் வீட்டுக்குப் போனேன். அவள் குடியிருக்கும் லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடு, ரப்பர் ஸ்டோருக்கு நேர் கீழே இருக்கிறது. பாலை உறைய வைத்து அழுத்தித் தகடாக்கும் ரோலர்கள் மேலே ஓடிக்கொண்டிருந்தன. சுவர் நடுங்கியது. என் குரல் எனக்கே கேட்கவில்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவே கவின் தொட்டிலில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான்.

"எப்பவுமே இந்தச் சத்தமா?" என்று கத்தினேன்.

"எந்தச் சத்தம் டீச்சர்?" என்று அவளும் கத்தினாள்.

"ஸ்டோர் ஓடாத அன்னைக்கு கவின் பபா எப்படி இருப்பான்?"

"ஞாயித்துக்கெழம மட்டும் தூங்காம ராங்கி பண்ணுவான். நான் வீட்டுல இருக்குறதால செல்லம் கொஞ்சுறான்னு நெனச்சேன்" என்றவள், சட்டென்று மேலே ஸ்டோரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவன் எழும்பவில்லை.

யோகாவின் கணவர் முருகேசு ரோலரில் வேலை செய்பவர். ஒரு மணி நேரச் சத்தத்தை என் போனில் பதிந்து தந்தார். திங்கட்கிழமை காலை அதைத் தொட்டிலருகே போட்டேன். கொசு பாடுவது போலக் கேட்டது. கவின் அழுகையைக் கூட்டினான். மணி 7.05. யோகா மலையில் மரம் வெட்டிக்கொண்டிருந்தாள். கொப்பியை மூடி வைத்தேன்.

"இப்படிக் குடுங்க" என்று போனை வாங்கிய சுமனா அக்கா, திண்ணென்ற பழைய பால் வாளி ஒன்றைக் கொண்டுவந்து அதற்குள் போட்டார். வாளி உறுமியது. ஸ்டோரே காம்பராவுக்குள் வந்துவிட்டது. கவின் அழுகையைப் பாதியில் நிறுத்தி, வாளிப் பக்கம் திரும்பி, பெரிய ஐயா மாதிரியே ஒரு கொட்டாவி விட்டான். 7.14க்குத் தூங்கினான். 7.15க்கு, ஸ்டோர் சத்தம் எட்டாத மேல் லயத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் திடுக்கிட்டு எழும்பி அழுதார்கள். கவினையும் வாளியையும் சமையலறைப் பக்கத்து அறைக்கு மாற்றினோம். சத்தம் முடிய முடியத் திரும்பப் போட்டோம்.

10.50க்கு யோகா மூச்சிரைக்க வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"ஏன் டீச்சர் கூப்புடல? பபாவுக்கு என்ன?"

"மரம் எத்தனை வெட்டின?"

"எல்லாம் வெட்டிட்டேன். பாலும் எடுத்துட்டேன். பபாவுக்கு என்னன்னு சொல்லுங்க!"

கதவைத் திறந்து காட்டினேன். பார்த்தாள். தரையில் உட்கார்ந்து முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் பின்னாலேயே வந்த வெளிக்கள உத்தியோகத்தர் வாசலில் நின்று காதைக் கொடுத்தார்.

"என்ன டீச்சர், இங்கயும் ரோலர் ஓட்டுறீங்களா? அதுக்கும் ஆள் போடணுமா?"

"ஆள் வேணாம் ஐயா. மரத்த மட்டும் மாத்தாதீங்க."

"முழு மரமும் வெட்டின ஆள எதுக்கு மாத்தப் போறேன்?" என்று சொல்லிவிட்டு, தூங்கும் பிள்ளையை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

தங்கைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பிள்ளை அழுவதை மட்டும் எழுதாதீர்கள். அழாமல் இருந்த நேரத்தையும், அப்போது பக்கத்தில் என்ன நடந்தது என்பதையும் எழுதுங்கள். ஒருதரமாவது அதன் வீட்டுக்குப் போய் உட்காருங்கள். தாய் சொல்லாதது மறைத்ததாக இருக்காது. பழகிப்போனதால் அவள் காதில் விழாததாக இருக்கும்.

எங்கள் சேர்ப்புப் படிவத்தில் தடுப்பூசி, சாப்பாடு எல்லாம் இருந்தன. இப்போது கடைசியில் என் கையெழுத்தில் ஒரு வரி கூடுதலாக இருக்கிறது: 'வீட்டில் எந்தச் சத்தத்தில் தூங்கும்?' ஒருத்தி ரேடியோ என்றாள். ஒருத்தி மாமனாரின் குறட்டை என்று எழுதச் சொல்லிவிட்டு, "அத எப்படிங்க டீச்சர் கொண்டு வர்றது?" என்று கேட்டாள். அதற்கு இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.

'அமைதி காக்கவும்' பலகை வாசலில் இல்லை. சுமனா அக்கா அதன் மேல்தான் தினமும் சூடான கஞ்சிச் சட்டியை இறக்கி வைக்கிறார். சத்தமாகத்தான் வைக்கிறார். நான் முறைப்பதில்லை.