அண்ணை உடைத்த கதவு

முதல் அடியில் கதவு பிளந்தது. இரண்டாவது அடியில் சுத்தியலின் தலை உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்த மகளைக் குளியலறைக்குள் தள்ளி, உள்ளே பூட்டச் சொன்னேன்.

"தங்கச்சி, திற! இல்லாட்டி உன்னையும் சேர்த்து உடைப்பன்!"

வீட்டுச் சொந்தக்காரர்தான். வெள்ளைக்கார நாட்டில் நாங்கள் வந்து சேர்ந்த கோலியர்ஸ் வுட்டில், அவருடைய வீட்டு மேல்மாடியில், இரண்டு அறைகளில், நானும் மகளும் வாடகைக்கு இருந்தோம். கணவர் எங்களை விட்டுப் போனபின் வாடகையின் பெரும்பங்கு பெனிபிட் என்ற அரசாங்க உதவிப் பணத்தில்தான் போனது. அந்தச் சொல்லைக் கேட்டதும் வாடகை வீடு பிடித்துத் தரும் ஏஜென்சிக்காரர் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "எங்கட ஆக்கள்" என்று சொல்லி வீடு தந்தவர் இவர் ஒருவர்தான். அதற்காக மெச்சவும் மாட்டேன். ஹீட்டர் வேலை செய்யவில்லை என்றால், இன்னொரு சுவெட்டரைப் போடு என்பார்.

வீட்டை விற்க முடிவெடுத்ததும் எங்களைக் கிளப்பப் பார்த்தார். வீடில்லாதவர்களுக்கு வீடு கொடுக்கும் ஊர்க் கவுன்சிலின் பெண்ணோ எனக்குத் தெளிவாகச் சொல்லியிருந்தாள்: கோர்ட் ஆட்கள் வந்து வெளியேற்றும்வரை அசையாதே, நீயாக வெளியேறினால் வேண்டுமென்றே வீட்டை விட்டவள் ஆகிவிடுவாய், பிறகு உனக்கு வீடு தரும் பொறுப்பு எங்களுக்கு இல்லை. ஆகவே அசையவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இருந்தேன்.

பொலிசுக்கு போன் அடித்தேன். கதவை உடைப்பது யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். அவரை நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் ஆட்களில் அந்த வயது மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது? பயத்தில் என் வாய் அதை அப்படியே ஆங்கிலமாக்கியது. "மை பிரதர்! மை பிரதர்!" என்று கத்தினேன்.

கதவு பெயர்ந்து விழுந்தது. என் கூந்தலைக் கையில் சுற்றிப் படிப்பக்கம் இழுத்தார். என் நெற்றி சுவரில் இடித்தது.

"சனியன், என்ர வீட்டைத் தின்னவே வந்தனீ?"

"அண்ணை, விடுங்கோ! பிள்ளை உள்ளுக்க நிக்குது!"

அடி வாங்கும்போதும் 'விடுங்கோ' என்றுதான் வந்தது. என்னை இப்படி வளர்த்தவர்கள்மேல் எனக்கு இன்றைக்கும் எரிச்சல். அதன் பிறகு அவருடைய பெருவிரல் என் வாய்க்கு அருகில் வந்தது. பல்லில் எலும்பு தட்டும்வரை கடித்தேன். அவர் அலறியது எனக்கு இனித்தது. பொய் சொல்ல மாட்டேன்.

பொலிஸ்காரன் ஒருவனும் பொலிஸ்காரி ஒருத்தியும் வந்தபோது இரத்தம் அவர் கையிலும் என் வாயிலும் இருந்தது. அவர் பசு மாதிரி நின்றார். "மை சிஸ்டர்" என்று என்னைக் காட்டி, இது குடும்பச் சண்டை, கதவு என்னுடையது, கடித்தது அவள் என்றார். போனில் நான் சொன்னதும் அதுதானே. பொலிஸ்காரன் என் பக்கம் திரும்பி, வீடு உங்கள் அண்ணனுடையது, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இன்றைக்கு ஒரு தோழி வீட்டுக்குப் போங்கள், எல்லாரும் கொஞ்சம் ஆறட்டும் என்றான்.

நான் தெருவாசலைத் தாண்டியதும் இவர் கீழ்க்கதவின் பூட்டை மாற்றிவிடுவார். கவுன்சிலில் போய் நின்றால், நீங்களாகத்தானே போனீர்கள் என்பார்கள். "நோ பிரதர்! ஓனர்!" என்று கத்தினேன். நீங்கள்தானே பிரதர் என்று சொன்னீர்கள் என்றான். நான் படியில் குந்தி, கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டேன். கையை வெட்டித்தான் என்னைக் கிளப்ப வேண்டும் என்று நினைத்தேன்.

பொலிஸ்காரி அவரிடம் கேட்டாள், உங்கள் அம்மாவின் பெயர் என்ன? சொன்னார். என்னிடமும் கேட்டாள். சொன்னேன். அப்பாவின் பெயரையும் கேட்டாள். எதுவும் ஒத்துவரவில்லை. கோர்ட் உத்தரவில்லாமல் வாடகைக்கு இருப்பவரை அடித்து வெளியேற்றுவது குற்றம் என்று சொல்லி, அவருக்கு விலங்கு போட்டாள்.

படியிறங்கும்போது அவர் தமிழில் சொன்னார்: "இனி எங்கட ஆக்கள் ஒருத்தரும் உனக்கு வீடு தரமாட்டினம். பாத்துக்கொள்."

சொன்னபடியே நடந்தது. கூடப்பிறந்தவள் மாதிரி நடத்திய மனிதனைப் பொலிசில் பிடித்துக் கொடுத்தவள் என்று பக்கத்து ஸ்ட்ரெதம் வரை எங்கள் ஆட்களிடம் என் பெயர் நாறியது.

அன்று எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான்: முறைப்படி துரத்தப்படும்வரை, கதவில்லாத அந்த இரண்டு அறைகளில் இருக்கும் உரிமை. பின்னேரம் நானும் மகளும் அலுமாரியை இழுத்து வாசலுக்குக் குறுக்கே வைத்தோம்.

"இன்னும் இங்கதான் இருக்கப்போறமா, அம்மா?"

"ஓம்" என்றேன்.

அவள் சப்பாத்தைக் கழற்றாமலே கட்டிலில் ஏறிப் படுத்தாள். நான் கழற்றச் சொல்லவில்லை.