மூன்றாம் பாகம் ஏன் ஓடவில்லை

தம்பியின் கைபேசியில் பழைய குடும்பப்பட வரிசை ஒன்றின் முகப்பு இசை ஒலித்தது. தோற்றுப்போன மூன்றாம் பாகம் உண்மையில் காவியம் என்று காணொளியில் ஒருவர் சொன்னார். தோல்விக்கு அவர் அடுக்கிய காரணங்கள்: மழை, தேர்வுக்காலம், ரசிகர்களின் பக்குவமின்மை.

சிறுவயதில் அந்தப் படத்தை ஆம்பூரில் முதல் நாளே பார்த்தோம். தோல் பதனிடும் தோல்ஷாப்பில் வேலை முடித்த அப்பா, இரண்டுமுறை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு அழைத்துப்போனார். அப்படியும் என் தோள்மேல் கிடந்த அவர் கையில் சுண்ணாம்பும் பச்சைத்தோலும் கலந்த வாடை இருந்தது. முந்தைய பாகங்களின் வசனமெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

படத்தில் தோல்ஷாப் தொழிலாளி ஒருவன் பெண் பார்க்க வந்தான். பெண்வீடே மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அரங்கில் யாரும் சிரிக்கவில்லை.

"இன்னாடா சிரிப்பு? உன் கால்ல கீற ஷூ மட்டும் மணக்குதா?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் திரையைப் பார்த்துக் கத்தினார்.

அப்பா என் தோளிலிருந்து கையை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். "எழுந்துரு பாப்பா, போலாம்." எங்களுக்கு முன்பே பாதி அரங்கம் எழுந்திருந்தது.

இப்போது இசையைக் கேட்டு அப்பா எட்டிப்பார்த்தார்.

"அந்த சீன வெட்டிட்டானுங்களா?"

"இல்லப்பா, அப்படியேதான் இருக்குது."

"அப்ப இன்னாத்துக்குடா மறுபடியும்? ஆஃப் பண்ணு."

தம்பி அணைத்தான். வேலையை விட்டு வருடங்களாகியும், அப்பாவின் கைகள் அக்குளுக்குள் போயிருந்தன.