விடுதலைப் பத்திரம்

இத்தாலிக்காரர்கள் அடுத்தவர் வாசல்படியில் கால் வைக்கும்போது 'பெர்மெஸ்ஸோ' என்பார்கள். வரலாமா என்று அனுமதி கேட்கிற வார்த்தை. உள்ளே இருப்பவர் 'அவாந்தி' என்றால், வாங்க என்று பொருள். நான் வேலை பார்க்கும் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்காரி பாவ்லாவின் தம்பி சாப்பிட வருவான். அவன் பிறந்து வளர்ந்த வீடு. அவனும் வாசலில் நின்று அக்காவிடம் பெர்மெஸ்ஸோ கேட்பான். இரண்டு பேருக்கும் ஏதோ சண்டை என்று வந்த புதிதில் நான் கவலைப்பட்டேன். சண்டையெல்லாம் இல்லை. அவர்கள் அப்பா போனபின் சொத்து பாதிப் பாதியாகப் பிரிந்தது. வீடும் சுற்றியுள்ள வயலும் அவள் பங்குக்கு வந்தவை, அவ்வளவுதான்.

இங்கும் நெல்தான். வடக்கு இத்தாலியில் இப்படி நெல் விளையும் என்று மயிலாடுதுறையில் எனக்கு யாரும் சொல்லவில்லை. சித்திரையில் கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர் கட்டி நிற்கும். பாவ்லா டிராக்டரில் இறங்குவாள். அவளுடைய வயதான அம்மாவுக்கு சூப் ஊட்டியபடி நான் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். வயிறு எரியும். ஒருநாள் டிராக்டர் சேற்றில் சிக்கிக்கொண்டது. எனக்கு உள்ளூர சந்தோஷம். கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவிடலாம் என்று போனேன். பொறாமைக்கு இத்தாலி மொழியில் என்ன வார்த்தை என்று தெரியாமல் திரும்பி வந்தேன்.

எங்களுக்கும் ஐந்து மா நிலம் உண்டு, ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே. அப்பா கூலி வேலை செய்து வாங்கியது. நடவுக்கு ஆள் கிடைக்காத ஒரு வருஷம், எட்டாம் வகுப்போடு என்னை நிறுத்தி வயலில் இறக்கினார்கள். அண்ணன் பாலிடெக்னிக் போனான். எந்த மூலையில் தண்ணீர் வடியாது, எந்த வரப்பை நண்டு ஓட்டை போடும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அண்ணனுக்கு சர்வே நம்பர் தெரியும்.

போன வருஷம் அப்பா இறந்தார். போன மாதம் அண்ணன் வாட்ஸ்அப்பில் ஒரு தாள் அனுப்பினான். எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'விடுதலைப் பத்திரம்' என்று இருந்தது. என் பங்கு எனக்கு வேண்டாம் என்று நான் எழுதிக் கொடுப்பதற்கு அந்தப் பெயராம். யாருக்கு விடுதலை என்று புரியாமல் மறுபடி படித்தேன். அண்ணனே போனில் கூப்பிட்டான்.

"சும்மா ஒரு கையெழுத்துதான் பிலோமி. ஊர்ல எல்லாத் தங்கச்சியும் போட்டுக் குடுக்குறதுதான். தூதரகத்துக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துடு."

யோசிக்க வேண்டும் என்றேன்.

"இத்தாலில உக்காந்துக்கிட்டு அஞ்சு மாவுக்கு ஆசைப்படுறியா? ஏன், அங்க நெல்லு விளையலையா?"

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. போட்டால் நிலம் போகும். போடாவிட்டால் அண்ணன் போவான். நாளைக்கு என் மகளுக்கு ஒரு நல்லது கெட்டது என்றால் தாய்மாமனாக வந்து நிற்க வேறு யார் இருக்கிறார்கள்? இதைப் படிக்கிற பெண்களில் எத்தனை பேர் இதே பயத்தில் போட்டுக் கொடுத்தீர்களோ.

நான்காம் நாள் பாவ்லாவிடம் கேட்டே விட்டேன். உனக்குப் பங்கு கொடுக்கத் தம்பி சம்மதித்தானா என்று கேட்க நினைத்தேன். என் மொழியோ அடுப்படி மொழி; தம்பிக்கு ஃப்ரதெல்லோ என்பது மட்டும் தெரியும். சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "ஃப்ரதெல்லோ... பெர்மெஸ்ஸோ?" என்றேன். தம்பி வந்திருக்கிறான் என்று நினைத்துவிட்டாள். "அவாந்தி, அவாந்தி" என்று வாசலைப் பார்த்துச் சொல்லி, மேஜையில் இன்னொரு தட்டு வைத்தாள். பிறகு நான் கையால் வயலைக் காட்டி, பாதியாக வெட்டிக் காட்டி, ஒருவழியாகப் புரிய வைத்தேன். வார்த்தை புரிந்தது, கேள்விதான் புரியவில்லை. அதை எதற்கு அவனிடம் கேட்க வேண்டும் என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. டிராக்டரைப் பார்த்தபோதுகூட அவ்வளவு வராத பொறாமை, அந்த முகத்தைப் பார்த்து வந்தது. இப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே தெரியாமல் ஒருத்தி வளர முடிந்திருக்கிறது.

அன்றே அண்ணனைக் கூப்பிட்டேன்.

"கையெழுத்துப் போடலண்ணே. பட்டாவுல உன் பேரு பக்கத்துல என் பேரையும் சேரு. உழுறத நீயே உழு."

அண்ணன் கேட்டான்:

"அப்ப இனிமே ஊருக்கு வந்தா எங்க தங்குவ?"

தையில் ஊருக்குப் போக டிக்கெட் எடுத்திருக்கிறேன். அண்ணன் வீட்டு வாசலில் நிற்கும்போது வாய்தவறி பெர்மெஸ்ஸோ என்று வந்துவிடுமோ என்று இப்போதே பயமாக இருக்கிறது. அவாந்தி சொல்ல அங்கே யாருக்கும் தெரியாது. வயலில் அந்தப் பயம் இல்லை. வரப்பில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, யாரையும் கேட்காமல் இறங்கிவிடுவேன்.