பைண்டிங் கடைக்கு வந்த பத்தொன்பதாம் அத்தியாயம்

புத்தகம் கட்டுகிறவனுக்குப் பக்க எண் தெரிந்தால் போதும், கதை தெரிய வேண்டியதில்லை என்று நம்பித்தான் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். திருகோணமலை உட்துறைமுக வீதியில் என் கடை. இந்தியப் பத்திரிகைகள் வருவது மட்டுப்பட்டிருந்த எழுபதுகளில், எங்கள் ஊரார் கொழும்புப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, கதை முடிந்ததும் என்னிடம் கட்டக் கொண்டுவருவார்கள். அப்படிச் சேர்த்தவர்களே, சேர்த்ததை இரவல் கொடுத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களே, உங்கள் வயிற்றெரிச்சல் எனக்குப் புதிதல்ல.

பின்பக்கம்

கப்பல்துறையிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். மனைவியின் கையில் ஒரு தொடர்கதை இருந்தது. கணவன் கையில் ஒன்றுமில்லை, முகத்தில் கோபம் இருந்தது. அவர் சேர்த்துவைக்க ஆசைப்பட்ட விவசாயப் பகுதி, அதே தாள்களின் பின்பக்கத்தில் வந்திருந்தது. ஆளுக்கொரு புத்தகம் வேண்டுமாம். ஒரு தாளை இரண்டாகப் பிளக்க எனக்கு ஏலாது என்றேன். மனைவி யோசிக்கவே இல்லை.

"என்ர கதையாய்க் கட்டுங்கோ தம்பி. அவருக்கு மிளகாய்ப் பூச்சியைப் பற்றி வாசிக்க வேணுமெண்டால் திருப்பித் திருப்பிப் பார்க்கட்டும்."

எழுதினவரிடம் இல்லை

துறைமுகக் களஞ்சியத்தில் கிளாக்கராக இருந்த செல்வரத்தினம் "நாலாம் ஜெட்டி" என்றொரு தொடர்கதை எழுதினார். முப்பத்திரண்டு வாரம் வந்தது. பாரந்தூக்கி ஓட்டுகிற ஒருவனுக்கும் மீன்வாடிக்காரர் மகளுக்கும் காதல். அவ்வளவுதான் எனக்குத் தெரியும், அதுவும் கட்டக் கொண்டுவந்த மேரி ரீச்சர் சொல்லித்தான். மாதா கோயிலடிப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்த ரீச்சர் ஒருவர்தான் ஊரில் அந்தக் கதையை முதலிலிருந்து முடிவுவரை சேர்த்து வைத்திருந்தார்.

நான் கட்டி முடித்த மறுவாரம் கிளாக்கரே வந்து, ரீச்சரின் புத்தகத்தைக் கொஞ்சம் பார்க்கலாமா என்று கேட்டார். எழுதினவரிடம் கதை இல்லை. அவருடைய தாள்களை வீட்டில் அலுமாரித் தட்டில் விரித்து, பழசானதும் எறிந்துவிட்டார்களாம். பத்திரிகையும் மூடப்பட்டுவிட்டது. கொழும்பில் ஒரு பதிப்பாளருக்கு மூன்று கடிதம் போட்டிருந்தார். பேப்பரில் வந்த கதையை இனி யார் வாங்குவார்கள் என்று மூன்று கடிதத்துக்கும் சேர்த்து ஒரே பதில் வந்திருந்தது. புத்தகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, திறக்காமலே வைத்தார்.

"பேப்பரில வந்தது பேப்பரோட போயிடும், தம்பி. புத்தகமாய் வந்தால்தான் நான் எழுதினனான் எண்டு என்ர மனமே நம்பும்."

இரவல்

மேரி ரீச்சருக்கு இல்லை என்று சொல்ல வராது. புத்தகம் பஸ் ஏறிக் குச்சவெளி போனது, தோணி ஏறிக் கிண்ணியா போனது, அங்கிருந்து குறிஞ்சாக்கேணிக்கும் போனது. பின்னால் நான் வைத்துத் தைத்த வெற்றுத் தாள்களில் வாசித்தவர்கள் பெயரெழுதினார்கள். சிலர் கதாநாயகனுக்குப் புத்தியும் எழுதினார்கள். கிளாக்கருக்கு இது பிடிக்கவில்லை. எல்லாரும் சும்மா வாசித்துவிட்டால் பதிப்பாளர் சொன்னது சரியாகிவிடுமே என்று கடைக்கு வந்து புலம்புவார். ரீச்சரிடம் நிறுத்தச் சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை.

கிண்ணியாவில் புடவைக்கடை வைத்திருந்த காசிம் நானா, புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த இடத்தில் இந்தப் புலம்பலைக் கேட்டார். சரக்கெடுக்கக் கொழும்பு போகிறவர் அவர். பதிப்பாளரிடம் தானே கொண்டுபோய்க் காட்டுவதாகச் சொன்னார். ரீச்சரும் சம்மதித்தார். முப்பத்திரண்டு அத்தியாயமும் இருக்கிறதா என்று கிளாக்கர் கேட்டார். நான் எண்ணிப் பார்த்து, இருக்கிறது என்றேன். இரண்டு வாரம் கழித்து நானா வெறுங்கையோடு வந்தார். கதையை அச்சுப்போடவென்று பதிப்பாளர் வாங்கி வைத்துக்கொண்டாராம்.

"'இந்தப் பேரெல்லாம் வாசிச்சு முடிச்ச ஆக்கள்தானே, இனி வாங்குவாங்களா' எண்டு கேட்டார். 'ஐயா, நான் மூணு தரம் இரவல் வாங்கி, மூணு தரமும் மனசில்லாமத் திருப்பிக் குடுத்தவன், நான் வாங்காம வேற யாரு வாங்குற' எண்டு கேட்டன்."

ரயில் வராத கிழமை

புத்தகம் வந்தது. கிளாக்கர் பார்சலை என் கடையில்தான் பிரித்தார். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை, ஏதோ நானே எழுதியதுபோல. கதிரையில் உட்கார்ந்து அங்கங்கே புரட்டி வாசித்துக்கொண்டிருந்தவர், பத்தொன்பதாம் அத்தியாயத்தில் நின்றார். திரும்பவும் வாசித்தார். "இது நான் எழுதினதில்லை" என்றார்.

ஆள் அனுப்பி மேரி ரீச்சரை அழைத்தோம். பத்தொன்பதாம் அத்தியாயம் வரவேண்டிய வாரம் மழையில் ரயில் வரவில்லை, ஊருக்குப் பத்திரிகையும் வரவில்லை என்றார். இருபதாம் அத்தியாயத்தில் காதலர் இருவரும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள். ஏன் என்று தெரியாமல் தவித்த ரீச்சர், தானே ஒரு காரணம் யோசித்து ஐந்து பக்கம் எழுதி, தலைப்பில் பத்தொன்பது என்று போட்டு, கட்டோடு வைத்துவிட்டார். நான் எண்ணைப் பார்த்தேன், தைத்தேன். கொழும்பில் அதை ஆசிரியரே கைப்பட எழுதியது என்று நினைத்து அச்சுக்கோத்திருக்கிறார்கள். எனக்கு வெட்கத்தில் தலை நிமிரவில்லை. "எனக்காக எழுதினனான், மன்னியுங்கோ" என்று ரீச்சர் கண் கலங்கினார்.

கிளாக்கர் எழுதியிருந்தது பெரிய சண்டையாம். ரீச்சர் எழுதியதில் அவன் அவள் வீட்டில் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் எழும்பிப் போகிறான். கிளாக்கர் அந்த இடத்தை மூன்றாம் முறையும் வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடினார்.

"நல்லாயிருக்கு ரீச்சர். அதுதான் எனக்குக் கஷ்டமாய்க் கிடக்கு."

ஒரு பிரதி மட்டும்

பத்து நாள் கழித்துக் கிளாக்கர் ஒரு புத்தகத்தோடும் ஏழு தாளோடும் வந்தார். தன் பத்தொன்பதை ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதியிருந்தார். அச்சுப் புத்தகத்தைப் பிரித்து, ரீச்சரின் அத்தியாயத்துக்குப் பக்கத்தில் அதையும் வைத்துத் தைக்கவேண்டும். பதிப்பாளருக்கு எழுதிச் சொல்லலாமே என்றேன். வேண்டாம், ரீச்சர் எழுதினது ஊருக்குப் பிடித்திருக்கிறது, ஒரு புத்தகத்திலாவது நான் எழுதினது இருக்கட்டும் என்றார். அவர் அதைச் சொன்ன விதம் எனக்குப் பொறுக்கவில்லை. தொழிலில் முதல் தடவையாக, தைக்குமுன் வாசித்தேன். சண்டை நன்றாகத்தான் இருந்தது. அதை அவரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை.

அவர் புத்தகத்தை வாங்கிக்கொண்டு புறப்பட்ட நேரம் காசிம் நானா உள்ளே வந்தார். கிளாக்கரின் கையிலிருந்ததை எட்டிப் பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். கிளாக்கர் புத்தகத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நானா குரலைத் தாழ்த்தினார்.

"கிளாக்கர் ஐயா, அச்சில வந்தத நான் காசு குடுத்து வாங்கிட்டன். ஒங்கட பத்தொன்பத மட்டும் ஒருக்கா இரவல் தருவீங்களா?"

இரவல் கொடுத்தால் புத்தகம் வெளிவருமா என்று என்னைக் கேட்டால், வரும், ஆனால் வெளிவந்த பிறகும் இரவல் கொடுக்க ஏதாவது மிச்சம் இருக்கும் என்பேன்.