மெட்டோய்கேசியாவும் ஒரு தகரப்பெட்டியும்

உபதேசியார் வேலையில் வாய்தான் ஓயாது என்று நினைப்பார்கள். தோட்டத் தொழிலாளர் வரிசைவீடுகளுக்கு, லயம் லயமாக ஏறி இறங்கும் நம் கால்களைக் கேட்டால்தான் உண்மை தெரியும்.

படித்துவிட்டு வந்த ஜோர்

இரத்தினபுரிப் பயிற்சி வகுப்பில் மெட்டோய்கேசியா என்ற கிரேக்கச் சொல்லைக் கற்றுக்கொண்டு வந்தேன். யூதர்கள் பாபிலோனுக்குச் சிறைபட்டுப் போனதை மத்தேயு இந்தச் சொல்லால்தான் சொல்கிறார். நேர் அர்த்தம், இருக்கும் இடம் விட்டு வேறிடம் குடிபோவது. புதிதாகப் படித்ததைக் கொட்டாவிட்டால் நமக்குத்தான் தூக்கம் வராதே! அன்று மாலையே தெஹியோவிட்டவுக்கு மேலே, ரப்பர் பால் வெட்டும் செல்வத்தின் லயத்தில் நடந்த ஜெபக்கூட்டத்தில் கொட்டினேன்.

செல்வம் இந்தியப் பாஸ்போர்ட்காரர். இந்தியா போகவென்று தோட்டப் பதிவிலிருந்து பேர் வெட்டி, மாலை போட்டு வழியனுப்பிய பிறகு, 1984இல் உள்நாட்டுச் சண்டையால் கப்பல் நின்றுவிட்டது. லயத்தில் பழைய காம்பரா அறைக்கே திரும்பி, அன்றாடக் கூலிக்குப் பால் வெட்டினார். கயிறு கட்டிய தகரப்பெட்டி வாசலோரமே கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்திருந்த அவர் மனைவி ராஜம்மா கேட்டார்: "குடி போறது சரிங்க ஐயா. போகவும் இல்லாம, இருக்கவும் இல்லாம கெடக்கோமே, அதுக்கு அந்தப் பாஷையில என்னாங்க பேரு?"

டவுனில்

செல்வத்தைக் கண்டால் போதும், கடை முதலாளி "கவதத யன்னே?" என்பார், எப்போது போகிறாய் என்று. அவருக்கு வேடிக்கைதான், எனக்குச் சுருக்கென்றது. செல்வம் கருவாட்டுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, அடுத்த மாதம் என்று சிங்களத்திலேயே பதில் சொல்வார்: "லபன மாசே, முதலாளி."

பலாக்கன்று

பாபிலோனில் இருந்தவர்களுக்கு, வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்று தீர்க்கதரிசி எரேமியா சொல்லியனுப்பியதை ஒரு கூட்டத்தில் பேசினேன். மறுநாளே ராஜம்மா லயத்துக்குப் பின்னால் பலாக்கன்று நட்டார். செல்வம் பிடுங்கி எறிந்தார். ராஜம்மா மறுபடி நட்டார், அவர் மறுபடி பிடுங்கினார். என் பிரசங்கத்தால் ஒரு குடும்பம் இரண்டுபட்டதே என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சமாதானம் பேசப் போனேன். செல்வம் என்மேல் பாய்ந்தார்: "காய்க்கிற வரைக்கும் இங்கயே இருந்தோம்னா, நான் பேர் வெட்டுனதுக்கு என்னாங்க அர்த்தம்?"

கயிறு

கப்பலுக்குக் காத்துக்கிடந்தவர்களுக்கும் இந்நாட்டுப் பிரஜாவுரிமை உண்டு என்று 2003இல் சட்டம் வந்தது. நல்ல செய்தியாயிற்றே என்று மூச்சிறைக்க ஏறிப் போனேன். செல்வம் பெட்டியை இழுத்தார். முடிச்சு இறுகிப்போயிருந்தது, பால்வெட்டும் கத்தியால் கயிற்றை அறுத்தார். இந்தியாவில் கரையிறங்கும்போது உடுத்தவென்று உள்ளே வைத்திருந்த சேலை மடிப்புக்கு மடிப்பு இற்றுப்போயிருந்தது. ராஜம்மா அழுதார். எனக்கும் தாங்கவில்லை. செல்வம் மண்வெட்டியோடு லயத்துக்குப் பின்னால் போனார். அங்கிருந்து குரல் வந்தது: "கன்னு எங்க நடணும்? நீயே வந்து காட்டு புள்ள."

அடுத்த மாதமே சபை என்னை நிவித்திகலவுக்கு மாற்றியது. குடிபெயர்வுக்கு அர்த்தம் சொல்லித் திரியும் நம் உத்தியோகத்தில், சொந்தப் பெட்டியின் கயிற்றை அவிழ்க்கத்தான் நேரம் கிடைப்பதில்லை.