வட்டக் கிணற்று நீச்சல்

எங்கள் கிணறு வட்டமானது. தங்கச்சி செல்விக்கு அதில்தான் நான் நீச்சல் பழக்கினேன். முதலில் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி, பிறகு அதை அவிழ்த்து, அப்புறம் சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி வேகம். "ஏ தவளை, சீக்கிரம் வா!" என்று கிண்டலடிப்பேன்.

சேலத்தில் போட்டி, ஜெயித்தால் மாநில அணி. நீச்சல் குளத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தோம். செல்விதான் முந்தினாள். பாதியில் இடப்பக்கம் வளைந்து, பக்கத்துப் பெண்ணின் பாதைக்குள் போய்விட்டாள். விசில் ஊதி வெளியேற்றினார்கள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"நாந்தானே முன்னால வந்தேன், ஏன்ணா?"

"நீ நேரா போவலம்மா."

"நேரா போவ நீ சொல்லியே குடுக்கலியேண்ணா?"

இப்போது ஏரியின் எதிர்க்கரையில் நின்று கூப்பிடுகிறேன். இன்னமும் வளைந்துதான் வருகிறாள். தவளை என்று கூப்பிட வாய் வருவதில்லை.