நீல வளையம் போட்ட நட்டு

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பன்னிரண்டு வருடமாகப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டவளுக்கு, உடன் வேலை செய்தவர்கள் வைத்த பெயர் ‘ஏன் அக்கா’. துணி வண்டியில் மட்டும் ஏன் தொப்பி போட்ட மாதிரி மூடிய நட்டு என்று ஒருநாள் யோசித்தாள். போல்ட்டின் முனை வெளியே நீட்டாததால் விரிப்பு மாட்டிக் கிழியவில்லை என்று அவளாகவே கண்டுபிடித்தாள். பஞ்சு வடிகட்டியின் மூடியில் இருந்ததோ விரலாலேயே திருகும்படி இரண்டு காது வைத்த நட்டு. ஒரு நாளைக்கு நாலு முறை திறக்கிற மூடிக்கு ஒவ்வொரு முறையும் ஸ்பேனர் தேடினால் வேலை ஆன மாதிரிதான்.

உலர்த்தும் இயந்திரங்கள் எட்டு. ஐந்தாவதில், காற்றாடிக்குப் போட்டிருந்த கம்பி வலை ஒருநாள் கழன்று விழுந்து, துணி மடிக்கும் பெண்ணின் தோளைக் கிழித்தது. மூன்று தையல். மெக்கானிக் வந்து புது நட்டு மாட்டினார்.

“நைலான் நட்டுக்கா இது. உள்ள நீல வளையம் தெரியுதா? மரையக் கவ்விப் பிடிச்சுக்கும். மிஷின் என்ன ஆட்டம் ஆடினாலும் கழலாது.”

“போன தடவ போட்டதும் இதுதானே அண்ணா?”

“ஆமா.”

“அப்ப அது ஏன் கழண்டுச்சு?”

“பழைய மிஷின், அப்படித்தான்” என்று பையை மூடிக்கொண்டு போனார்.

எட்டும் ஒரே வருடம் வாங்கியவை, மற்ற ஏழில் எதுவும் கழலவில்லை. அவளுக்கு மனசு ஆறவில்லை. கீழே கிடந்த பழைய நட்டைத் துடைத்துப் பார்த்தாள். வளையம் நீலமாக இல்லை. கருகிப் பழுப்பேறி இருந்தது.

வீட்டில் அதையே உருட்டிக்கொண்டிருந்தவளைப் பார்த்து, பேருந்து ஓட்டுநரான கணவன் சிரித்தான். “நட்டுக்கு ஒண்ணும் ஆகல. உனக்குத்தான் மரை கழண்டுபோச்சு!”

மறுநாள் கடையில் புதிதாக ஒன்று வாங்கினாள். போல்ட்டில் ஏற்ற விரல் போதவில்லை, ஸ்பேனர் வேண்டியிருந்தது. அதை இஸ்திரி இயந்திரத்தின் சூட்டுத் தகட்டின் மேல் பகல் முழுக்க விட்டுவைத்தாள். மாலையில் ஆறியபின் மறுபடி போல்ட்டில் ஏற்றினாள். ஒற்றை விரலுக்கே கரகரவென்று சுழன்றது. ஐந்தாவது இயந்திரத்தில் மட்டும் தகரத் தடுப்பு ஒன்று உடைந்து, நெருப்பறையின் அனல் நேராக அந்த வலையில் அடிப்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“ஏங்க, உங்க பஸ்ல கழலவே கூடாத இடத்துல என்ன நட்டு போடுறாங்க?”

கணவன் இந்த முறை சிரிக்கவில்லை. பணிமனைக்குக் கூட்டிப்போய், ஸ்டீயரிங் இணைப்பைக் குனிந்து பார்க்கச் சொன்னான். கோட்டை மதில்போலத் தலையில் பல் வெட்டிய நட்டு. பல்லின் இடுக்கிலும் போல்ட்டின் துளையிலும் புகுந்து, கால் இரண்டையும் மடக்கிக்கொண்டு ஒரு கம்பி ஊசி.

“இந்த ஊசி அறுந்தாத்தான் அது திரும்பும்” என்றான்.

மெக்கானிக்கின் உள்ளங்கையில் இரண்டு நைலான் நட்டுகளையும் வைத்து, அனலில் வளையம் பிடி விட்டுப்போவதையும் பேருந்தில் பார்த்ததையும் சொன்னாள். அவர் முகம் கறுத்தது.

“மூணு தடவ இதையேதான் மாட்டியிருக்கேன்” என்றார் மெல்ல. “அந்தப் பொண்ணு தோளு... ச்சே.”

அன்றைக்கே தகரத் தடுப்பைச் சரிசெய்து, துளையிட்ட போல்ட்டும் பல் நட்டும் ஊசியும் பொருத்தினார். அவள் தினமும் காலையில் எட்டிப் பார்த்தாள். நாலு மாதத்தில் ஊசி இம்மியும் அசையவில்லை.

மேலாளரிடம் இதைச் சொன்னது மெக்கானிக்தான். அடுத்த வருடம் பராமரிப்புப் பிரிவுக்கு உதவி ஆள் எடுத்தபோது, அவள் இஸ்திரி மேசையைவிட்டு ஸ்பேனரைக் கையில் எடுத்தாள். நாற்பத்தொரு வயதில் பயிற்சி வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து கேள்வி கேட்டே வாத்தியாரைத் திணறடித்தாள்.

மெக்கானிக் இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறார். போன வாரம் அவரிடமிருந்து அழைப்பு வந்தது.

“அக்கா, இங்க ஒரு பம்ப்பு. மூணு நாளா மண்டைய உடைச்சுக்கிட்டு இருக்கேன்.”

“எதையும் கழட்டிராதீங்கண்ணா. முதல்ல ஃபோனை அதுகிட்டப் பிடிங்க, கேக்கறேன்.”